கிணற்றடிப் படமும் ஒரு செம்புத் தண்ணீரும்

சித்ரலேகா அன்று காலை காப்பி குடித்ததோடு சரி. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. பங்குனி வெயில், மணி பதினொன்று, அம்பாசமுத்திரம் போகிற பேருந்தில் ஜன்னலோர இருக்கை. அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளை இப்படி நா வறண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் ஏதோ சஷ்டி விரதம் என்று நினைப்பார்கள். சஷ்டியுமில்லை, ஒன்றுமில்லை. எங்கே போனாலும் கைப்பையில் தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் வாசற்படி இறங்காதவள், இன்றைக்கு அதை வேண்டுமென்றே சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பெங்களூரிலிருந்து மகள் பிருந்தா போனில், "தண்ணி எடுத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டதற்கு, "எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன்" என்று வாய் கூசாமல் புளுகியும் வைத்தாள்.

அவளுக்கு ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் குடித்திருக்க வேண்டிய தண்ணீர் அது. தாகமில்லாமல் போய்க் கேட்டால் அது சடங்குக்குக் கேட்பது போலாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. இதையெல்லாம் மகளிடம் சொன்னால் இரத்த அழுத்த மாத்திரை போட்டாயா என்று கேட்பாள்.

மடியில் பழைய போர்வையில் சுற்றிய ஒரு படம். இரண்டடி அகலம் இருக்கும். பக்கத்து இருக்கைப் பெரியவர் சேரன்மாதேவி தாண்டுகிறவரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"கண்ணாடியாம்மா?"

"படம்ங்க."

"சாமி படமா?"

"ஆமா."

"எந்தச் சாமி?"

சித்ரலேகா கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி கேக்குத சாமி" என்றாள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம் பக்கம் இல்லாத சாமியா என்ன, இதுவும் ஒன்று இருக்கும் என்று விட்டிருப்பார்.

மருதங்காலில் ஆற்றை ஒட்டி இருந்தது அவள் படித்த மிஷன் பள்ளிக்கூடம். பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளி. ஓட்டுக் கூரை போட்ட நீளமான கூடம், நடுவில் தட்டி வைத்து மறைத்த மூன்று வகுப்புகள். ஒன்பதாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் எட்டாம் வகுப்பில் எழுதிக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தால் ஆற்று ஈரமும் வாழைத்தோப்பு வாசமும் உள்ளே வரும். கூடவே படித்துறையில் துணி துவைக்கிறவர்களின் சண்டையும் வரும். ஐப்பசி மழையில் ஆறு பெருகினால் இரண்டு நாள் விடுமுறை. அதற்காகவே மழையை வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர்கள் உண்டு. உடைத்ததில் சித்ரலேகாவும் ஒருத்தி. அந்த வாசமும் அந்தச் சண்டையும் இப்போது எங்கே போய்க் கேட்டால் கிடைக்கும்? மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து எழுந்த பிறகும், மனசு சும்மா இருக்கிற நேரமெல்லாம் அவள் அந்தக் கூடத்துக்குத்தான் போய் நின்றாள்.

கூடத்தின் வடக்கு மூலையில் மணல் பரப்பி ஒரு பெரிய மண்பானை. மூடிமேல் அலுமினிய டம்ளர் ஒன்று. அதற்கு நேர் மேலே சுவரில்தான் இந்தப் படம் தொங்கியது. வர்ணமில்லாத படம். கிணற்றுத் திட்டில் ஒரு தாடிக்காரர் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். எதிரில் தோளில் குடத்தோடு ஒரு பெண். அவர் அவளைப் பார்த்துக் கையை நீட்டியிருப்பார். தூரத்தில், மரத்தடியில், நாலைந்து ஆண்கள் ஊருக்குள்ளிருந்து திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். முன்னால் வருகிறவர் முகத்தில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பிள்ளைகள் அவருக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஹெப்ரான் சார் டிராயிங் வாத்தியார். மெலிந்த ஆள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார், ஏறிப் பார்த்தவர்கள் கிடையாது. ஒருநாள் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் தாடியுமில்லை, குடமுமில்லை. எல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். செம்புத் தகட்டில் ஊசியால் ஒவ்வொரு கோடாகச் செதுக்கி, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தது என்றார் சார்.

"பாத்திரக் கடையில பேரு வெட்டுவாவளே, அது மாதிரியா சார்?" என்று கேட்டாள் இசக்கி.

"அதேதாம்மா" என்றார் சார், சந்தோஷமாக. "அங்க பேரு, இங்க ஆளு."

இசக்கி சித்ரலேகாவின் பெஞ்சுக்காரி. பெஞ்சில் பக்கத்தில், ஊரில் பக்கமில்லை. சித்ரலேகாவின் அப்பா பாலசுப்பிரமணிய பிள்ளைக்கு அந்த ஆற்றுப் பாசனத்தில் பதினெட்டுக் கோட்டை விதைப்பாட்டு வயல். இசக்கியின் அம்மா பேச்சி அதே வயலில் நடவு நட்டாள், களை எடுத்தாள். மத்தியானம் புறவாசலில் வந்து குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்பாள். சித்ரலேகாவின் அம்மா செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவாள். பாதி வாய்க்குள் போகும், பாதி முழங்கை வழியாகத் தரையில் ஓடும். பேச்சி வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். சித்ரலேகா இதைச் சோறு தின்றுகொண்டே தினமும் பார்த்திருக்கிறாள். சோறு இறங்காமல் போனதாக ஞாபகம் இல்லை. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

படத்தின் கதையையும் சார்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் ஜனத்தாரும் இவருடைய ஜனத்தாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைக்க மாட்டார்கள். அப்படி இருந்தும் இவர் வலியப் போய் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். அவளுக்கே ஆச்சரியம், எங்களிடமா கேட்கிறீர்கள் என்கிறாள்.

"அந்த ஊர்லயும் அப்படியா சார்?" என்றாள் இசக்கி. சார் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு, "எல்லா ஊர்லயுந்தாம்மா" என்றார்.

"அவரு குடிச்சாரா சார்?"

சார் தலையைச் சொறிந்தார். "கதையில அது வரலயேம்மா. பேச்சு வேற பக்கம் போயிருது."

"அப்ப அந்தக் கை இன்னும் நீட்டிக்கிட்டேதான் இருக்கா?" என்று இசக்கி கேட்டதும் வகுப்பு சிரித்துவிட்டது. அதோடு விட்டாளா? அந்தப் பெண் தோளில் குடம் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் ஆயுளில் ஒரு குடம் தண்ணீர் சுமந்தவளாகத் தெரியவில்லை, நாலு எட்டு வைப்பதற்குள் கீழே போட்டு உடைத்துவிடுவாள் என்றும் சொன்னாள். இசக்கி தினமும் விடியலில் ஆற்றிலிருந்து ஆறு குடம் எடுக்கிறவள். படம் செதுக்கியவனுக்கு அது தெரியாதது அவன் குற்றம்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு சார் அந்தக் கதையையே நாடகமாக எழுதினார். ஐந்து நிமிஷ நாடகம். கதையில் இல்லாததை முடிவாக வைத்தார். "நம்ம நாடகத்துல அவர் குடிச்சிருதாரு" என்றார். பெண்ணாக இசக்கி. நெடுநெடுவென்று இருந்ததால் தாடிக்கார யேசு சித்ரலேகா.

இரண்டு வாரம் அந்தப் பானையடியில்தான் ஒத்திகை. முதல் நாள் டம்ளரை வாங்கிச் சித்ரலேகா அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். அவள் வீட்டில் பெற்ற பிள்ளையானாலும் டம்ளரில் உதடு படக் கூடாது, பட்டால் எச்சில். நாலு வயதிலேயே அண்ணாந்து குடிக்கப் பழகிய வாய்.

"ஏட்டி" என்றாள் இசக்கி. "தாடி வச்ச ஆளு அண்ணாந்து குடிச்சா தாடியெல்லாம் நனைஞ்சுல்லா போவும்? வாய வச்சுக் குடி."

வாய் வைத்துக் குடித்தாள். பதினாலு வயதில் முதன்முதலாக ஒரு டம்ளரின் விளிம்பு உதட்டில் பட்டது. குளிர்ச்சியாக, கொஞ்சம் உப்பாக, மண்பானை வாசத்தோடு. மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அவளுக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. இரண்டு வாரமும் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒத்திகை ஒத்திகை என்று இசக்கி கையால் வாங்கிக் குடித்தாள். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு டீச்சர் நாலு தரம் பிரம்பால் தட்டினார். அவள் வாழ்க்கையில் அந்த இரண்டு வாரத்துக்கு ஈடாக இன்னொரு இரண்டு வாரம் வரவேயில்லை என்று சொன்னால், அதில் மிகை கிடையாது.

அலுமினிய டம்ளர் மேடையில் எடுபடாது, வீட்டிலிருந்து நல்ல செம்பாகக் கொண்டு வா என்று சார் இசக்கியிடம் சொல்லியிருந்தார். அவள் கொண்டு வந்த பித்தளைச் செம்பு தங்கமாக மின்னியது. கழுத்தில் புள்ளி புள்ளியாக 'பேச்சி' என்று வெட்டியிருந்தது.

பெஞ்சுகளைச் சுற்றிச் சாக்குக் கட்டிய கிணறு. அப்பாவின் எட்டு முழ வேட்டிதான் அங்கி. தேங்காய் நார்த் தாடியை சார் கோந்து போட்டு ஒட்டிவிட்டார். திரையாகக் கட்டிய சமுக்காளம் விலகியதும் சித்ரலேகா நேரே பார்த்தது அப்பாவை. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர், முன் வரிசையில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொடு."

"நான் கொடுத்தால் நீங்கள் குடிப்பீர்களா?"

"கொடு, குடிக்கிறேன்."

செம்பு கைக்கு வந்தது. உதடு வரைக்கும் தூக்கினாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அவர் முறைக்கவில்லை, கனைக்கவில்லை. சித்ரலேகாவின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் நின்றாள். பிறகு செம்பைக் கிணற்றுத் திட்டில் பையக் கீழே வைத்தாள். சார் என்ன செய்வார், சமுக்காளத்தை இழுத்துவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

"படத்துல இருக்க மாதிரியே முடிச்சிட்டே" என்றார் சார். பாராட்டா, வருத்தமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. இசக்கி செம்பை எடுத்துக்கொண்டு நின்றாள். சித்ரலேகா அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "தாடி நனைஞ்சு கோந்து விட்டிரும்னு பயந்துட்டேன்ட்டி" என்றாள். வாய் வைத்துக் குடித்தால் தாடி நனையாது என்று சொல்லிக்கொடுத்தவளிடமே அந்தப் பொய்.

"சரி" என்றாள் இசக்கி.

வீட்டில் அப்பா, "தாடி பொருத்தமா இருந்துச்சு" என்றதோடு சரி. தண்ணீரைக் குடித்தாளா இல்லையா என்று அவர் கவனித்தாரா என்பதே சந்தேகம். அவர் பேரில் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்று சித்ரலேகா பல வருஷம் முயன்று பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருக்கலாம். மனிதர் அதற்கும் வழி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்தாம் வகுப்போடு இசக்கி படிப்பை நிறுத்திக் கல்யாணமாகி மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். இரண்டு பேரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

இந்த மாசியில் பழைய மாணவிகள் கூட்டம் போட்டார்கள். ஓட்டுக் கூடத்தை இடிக்கப் போகிறார்களாம். பழைய பெஞ்சுகளும் சாமான்களும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. நடுவில் இந்தப் படம், கண்ணாடியில் கீறல், ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. யாருக்கும் வேண்டாம். கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கேயே ஒருத்தி இசக்கியைப் பற்றியும் சொன்னாள். தோட்டம் மூடிவிட்டது, புருஷன் இல்லை, எல்லோரும் மலையிறங்கி வந்துவிட்டார்கள், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் மகன் குமரவேலோடு இருக்கிறாள்.

ஆட்டோ காலனி முனையில் இறக்கிவிட்டது. சித்ரலேகாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலை முழுக்க நரை, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறுப்பு. ஆனால் அந்தக் கண் அதே கண்தான், எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கேள்வி இருக்கும்.

"யாரு?... பிள்ளை வீட்டுச் சித்ராவா?" இசக்கி கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "வாங்க, வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்? வெயில்ல வந்திருக்கியளே. உள்ள வாங்க."

வாங்க. சித்ரலேகா எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சுருக்கென்றது.

சின்ன வீடு, சுத்தமான வீடு. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சித்ரலேகா போர்வையைப் பிரித்தாள். இசக்கி குனிந்து பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐய, கணக்கப்பிள்ளை! இன்னும் அதே மூஞ்சிதான். இன்னும் வந்து சேரலியா இவரு?"

"குடத்தப் பாத்தியா?"

"விழப் போவுது விழப் போவுதுன்னு அம்பது வருசமா நிக்கா." இசக்கி கறுத்த விரலால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "மலையில இருக்கப்ப நான் இத நினைப்பேன். மழ விடாம மாசக் கணக்குல பெய்யும் அங்கன. லயத்து வீட்டுல உக்காந்துக்கிட்டு நம்ம பள்ளிக்கூடத்த நினைப்பேன். ஹெப்ரான் சார் சைக்கிள், அந்தப் பானை."

"நானும் அந்தக் கூடத்துலதான் இருந்தேன்" என்றாள் சித்ரலேகா. அதற்கு மேல் பேச முடியாமல் தொண்டை காய்ந்து இருமல் வந்தது.

"ஐயோ, என்னத்த நான் பேசிக்கிட்டு இருக்கேன். இருங்க, இந்தா வந்துட்டேன்" என்று இசக்கி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

சித்ரலேகா தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுப்படி மூலையில் எவர்சில்வர் குடம் தெரிந்தது. மேலே தட்டு, தட்டின் மேல் டம்ளர். பத்து எட்டு நடந்தால் எடுத்துக் குடித்துவிடலாம். கை பரபரத்தது. ஆனால் அவள் எடுத்துக் குடிக்கவா வந்தாள்? இசக்கி கொடுக்க வேண்டும், அவள் வாங்க வேண்டும். இசக்கி எதற்காக வெளியே போனாள் என்பது அவளுக்குப் புரியத் தொடங்கியது.

இசக்கி மூச்சு வாங்க வந்தாள். கையில் முத்திரை உடைக்காத ஒரு தண்ணீர்ப் பாட்டில், இன்னொரு கையில் ஒரு கலர் சோடா. இரண்டையும் ஸ்டூலில் துணி விரித்து வைத்தாள்.

"ரசீத் அண்ணாச்சி கடையில அய்ஸ் பெட்டியில இருந்து எடுத்தது. குடிங்க."

அதில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. சூப்பர்வைசர், அதிகாரி, ஓட்டுக் கேட்டு வருகிறவர் என்று வீட்டு வாசலுக்கு வருகிற பெரிய இடத்து ஆட்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஆயுள் முழுக்கப் பழகிய மரியாதை. வீட்டுத் தண்ணீரை நீட்டி, அவர்கள் 'இப்பதான் குடிச்சேன்' என்று சொல்லிக் கேட்பதற்குக் கடைத் தண்ணீர் தேவலை.

சித்ரலேகா பாட்டிலைத் தொடவில்லை. இசக்கி பார்த்தாள். "கம்பெனி தண்ணிதான்ங்க. மூடி திறக்கல, பாருங்க" என்று பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள்.

"இசக்கி, எனக்கு இது வேண்டாம். குடத்துத் தண்ணி குடு."

இசக்கி சட்டென்று நிமிர்ந்தாள். சிரிப்பு இருந்த முகத்தில் இப்போது அது இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள் சித்ரலேகா. "தாடிக்காக இல்ல அது."

"தெரியும்."

"அப்பவேயா?"

"அப்பவேதான். மூணு எண்ணுத வரைக்கும் நான் உங்க கண்ணையில்லா பாத்துக்கிட்டு நின்னேன்." இசக்கி கொஞ்ச நேரம் தரையில் விரலால் கோடு போட்டாள். "எனக்குக்கூட அது பெருசில்ல. எங்கம்மா வந்திருந்தா, தெரியுமா? கடைசியில வேலியோரமா நின்னா. பிள்ளை வீட்டுப் பிள்ள குடிக்கப் போற செம்புன்னு மூணு நாளு புளி போட்டுத் தேய்ச்சா அவ. அவ கல்யாணச் செம்பு. வீட்ல இருந்த ஒரே பித்தளை."

சித்ரலேகாவுக்கு அது தெரியாது. புறவாசலில் குனிந்து நிற்கிற பேச்சியை அவள் அறிவாள். வேலியோரம் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நின்ற பேச்சியை இப்போதுதான் பார்த்தாள்.

"தூரம்லா, அவளுக்குச் சரியாத் தெரியல. வீட்டுக்குப் போனதும் கேட்டா, குடிச்சாளாட்டின்னு. குடிச்சான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல? செம்புல இருந்தத சமுக்காளத்துக்குப் பின்னால நின்னு நானே குடிச்சிட்டுல்லா வந்தேன். வெறுஞ்செம்பக் காட்டுனேன். எங்கம்மாவுக்குச் சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். சாவுத வரைக்கும் சொல்லுவா, பண்ணை வீட்டு மக எஞ்செம்புல வாய வச்சுக் குடிச்சான்னு. எங்கூட மலைக்கு வந்தும் தோட்டத்துல எல்லார்ட்டயும் சொல்லுவா. நான் ஆமா ஆமாம்பேன்."

"அந்தச் செம்பு?"

"அது போச்சு. எங்க வீட்டுக்காரரு காயலாவுல கெடந்த வருசம் வித்தாச்சு."

சித்ரலேகா கண்ணைத் துடைத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை இந்தக் காரியத்துக்குப் போதாது என்று விட்டுவிட்டாள்.

"இப்பக் குடிச்சா அப்பக் குடிச்சதா ஆயிருமா?" என்றாள் இசக்கி. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள், ஹெப்ரான் சாரிடம் கேட்ட மாதிரி.

"ஆவாது" என்றாள் சித்ரலேகா. "ஆனா தாகமா இருக்கு இசக்கி. காலையில இருந்து ஒரு சொட்டு குடிக்காம வந்திருக்கேன்."

"காலையில இருந்தா? இந்த வெயில்லயா?" இசக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூறு கெட்டவளே என்கிற பார்வை. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டைத் தூக்குகிற சத்தம், டம்ளர் குடத்துக்குள் முங்குகிற சத்தம். ததும்பத் ததும்ப மொண்டு வந்து எதிரில் நின்றாள். உடனே கொடுக்கவில்லை.

"நான் குடுத்தா நீங்க குடிப்பியளா?"

ஒரு கணம் அந்தக் கூடமும் சமுக்காளமும் கோந்து வாடையும் எல்லாம் வந்து நின்றன. சித்ரலேகா கையை நீட்டினாள்.

"குடு, குடிக்கேன்."

வாங்கினாள். வாங்கின கை அவளைக் கேட்கவில்லை. அறுபது வருஷப் பழக்கம், அதுபாட்டுக்கு மேலே போயிற்று; தலை தானாக அண்ணாந்தது. தண்ணீர் மூக்கிலும் நெஞ்சிலுமாகக் கொட்டியபோதுதான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஐயோ என்று பதறினாள், காய்ந்த தொண்டையில் புரை ஏறிக்கொண்டது. கண் பிதுங்க இருமினாள். மறுபடியும் கெடுத்துவிட்டேன், மறுபடியும் அவள் கண் முன்னாலேயே.

இசக்கி ஒரே எட்டில் வந்து அவள் உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் நன்றாகவே பலமாக.

"ஏட்டி, பையக் குடிட்டி. இங்கன உன்னைய யாரு அடிச்சு வெரட்டுதா? வாய வச்சுக் குடி. இப்பதான் தாடியும் இல்லல்லா!"

சித்ரலேகா இருமலுக்கு நடுவில் சிரித்தாள், சிரிப்புக்கு நடுவில் அழுதாள். டம்ளரில் பாதி மிச்சமிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து விளிம்பில் உதட்டை வைத்தாள். குளிர்ச்சியாக, கொஞ்சம் உப்பாக இருந்தது. மடக் மடக்கென்று காதுக்குள் சத்தம் கேட்டது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் ஒண்ணு குடு."

இசக்கி வாங்கிக்கொண்டாள். இன்னொரு கை இன்னும் அவள் தலைமேலேயே இருந்தது.

"புரை ஏறுதுன்னா யாரோ நினைக்காவன்னு அர்த்தம்" என்றாள். "எங்கம்மாவாத்தான் இருக்கும்."

குடத்தண்டை போனவள் டம்ளரை உள்ளே விடாமல் கொஞ்சம் நின்றாள். பிறகு சுவரைப் பார்த்து, சித்ரலேகாவுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்.

"எம்மா, குடிச்சிட்டா."